கிளியிடம் உரிமம் கேட்டவர் யார்?

அண்ணாமலையார் கோயிலுக்குள் கீழை வாயில் வழியே செல்வோர் இராச கோபுரத்தையும் வல்லாள மகாராசன் கோபுரத்தையும் கடந்த பின்னர், கிளி கோபுரத்தின் அடியில் ஒரு கணம் நின்று அண்ணாந்து பார்ப்பது வழக்கம். வெளியூரிலிருந்து வரும் உறவினர்க்கு அக்கோபுரத்துக் கிளியைச் சுட்டிக்காட்டிக் கதை சொல்லாத திருவண்ணாமலைக்காரர் இலர். அருணகிரிநாதர் தம் உடலைக் கோபுரத்தில் கிடத்திவிட்டு, இறந்து கிடந்த கிளியொன்றின் உடலுள் புகுந்து, மன்னன் பிரபுடதேவராயனுக்காகப் பாரிசாத மலர் கொணர விண்ணுலகு சென்றார் என்பதும், அவர் திரும்புவதற்குள் பொறாமை கொண்ட சம்பந்தாண்டான் அவ்வுடலை எரித்துவிட்டான் என்பதும், கிளியுருவிலேயே இருந்து அவர் கந்தர் அநுபூதி பாடினார் என்பதும் இவ்வூரில் வழங்கும் கதை.

வரலாற்றாய்வாளர் இதை எவ்வாறு மதிப்பிடுவர் என்பது இங்கே நம் வினாவன்று. இக்கதையில் நாம் இதுவரை கவனியாதிருந்த ஒன்று அண்மையில்தான் எமக்குப் புலப்பட்டது. கிளியுருவில் வந்து பாடியவரிடம், "நீர் முன்பிருந்த உடல் இதுவன்று, ஆகவே உம் பாட்டு செல்லாது" என்று எவரும் சொல்லவில்லை. பாட்டைக் கேட்டார்கள், பாடுபவர் யார் என்று அறிந்துகொண்டார்கள்.

எங்கள் தமிழ்த்துறையின் கணினியோ அவ்வாறு செய்யவில்லை.

நடந்தது இதுதான். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் துறை மாணவர்கள் செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர், போளூர் வட்டாரங்களில் நடந்து திரிந்து நடவுப் பாடல்களையும் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் சேகரித்தார்கள். புரிசைப் பக்கத்துத் தெருக்கூத்துப் பனுவல்கள் சிலவும் அத்தொகுப்பில் உண்டு. எல்லாவற்றையும் துறையிலிருந்த ஒரே கணினியில், அக்காலத்துக்கேயுரிய ஒருங்குறியல்லாத எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்தோம். பாடியவர் பெயர், ஊர், வயது, பாடிய சூழல் ஆகியவற்றை அட்டவணைப்படுத்தும் சிறு மென்பொருள் ஒன்றும் அதே கணினியில் இருந்தது.

கணினி கிழடு தட்டியபோது எங்கள் பழைய மாணவர் ஒருவர், சென்னையில் கணினித் துறையில் பணிபுரிபவர், விடுமுறையில் வந்து அதை அப்படியே ஒரு மெய்நிகர் கணினியாக மாற்றிக் கல்லூரிச் சேவையகத்தில் ஏற்றிவைத்தார். அன்றும் அது உரிமம் கேட்டது. அவர் தொலைபேசியில் நீண்ட எண்களை ஒப்பித்துத் திறந்தார். அது விதிக்கு உட்பட்டதா என நாங்கள் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்பதும் தெரியாது. பத்தாண்டுகள் அது நன்றாகவே இயங்கியது.

இவ்வாண்டு நிர்வாகம் சேவையகத்தைப் புதுப்பித்தது. மெய்நிகர் கணினிகள் அனைத்தும் ஓர் ஏற்பாட்டிலிருந்து மற்றோர் ஏற்பாட்டுக்குப் பெயர்க்கப்பட்டன. எங்களுடையதும் பெயர்ந்தது. எழுந்தது, எங்கள் பெயர் கேட்டது, பின்னர் உரிமம் கேட்டது. பழைய எண்ணைக் கொடுத்தோம். இது வேறு கணினி என்றது. தொலைபேசி வழியும் இம்முறை பலிக்கவில்லை. வாயிற்கதவு அடைபட்டது. அவ்வியங்குதளத்தின் பெயரையோ விற்றவர் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. விதிப்படி பார்த்தால் பிழை எங்களுடையதே.

அதே வாரத்தில் தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அவருடைய தாயார் எங்கள் மாணவர்களுக்குப் பாடல் சொன்னவர், இப்போது இல்லை. "எங்கம்மா பாடினதை எழுதி வச்சிருக்கீங்களாமே ஐயா, திவசத்தன்னிக்குப் படிக்கணும், ஒரு நகல் கொடுங்க" என்றார். கொடுக்க இயலவில்லை. என்ன காரணம் சொல்வது? இயங்குதளத்தின் உரிமம் தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டது என்றா? இரண்டு வாரம் கழித்து வாருங்கள் அம்மா என்று சொல்லியனுப்பினோம். அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் படித்தறிந்தவற்றின் விளைவே இக்கட்டுரை.

*

கணினி இயலில் புலமையற்ற எம்போன்ற தமிழாசிரியர்க்கு விளங்கிய அளவில் சொல்கிறோம். மெய்நிகர் கணினி என்பது உடலற்ற கணினி. அதன் வட்டு ஒரு கோப்பு. அதன் நினைவகம் பெரிய கணினியொன்றிலிருந்து கடனாகப் பெற்ற ஒரு பங்கு. அதன் வலையட்டை, திரையட்டை எல்லாம் பாவனைகள். இப்பாவனைகளைப் படைத்துக் காட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இக்கட்டுரையில் அதைத் தாங்கி என்று அழைப்போம். இக்கருத்து ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினிகளில் 1960-களிலேயே தோன்றியது. சாதாரணச் சேவையகங்களுக்கு அதைக் கொணர்ந்து பெருவணிகமாக்கியது 1998-இல் தொடங்கப்பட்ட விஎம்வேர். பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த சென், 2007-இல் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்த கேவிஎம், 2008-இல் வந்த மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி எனப் பல தாங்கிகள் தோன்றின.

உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குத் தான் உடலற்றது என்பது பெரும்பாலும் ஒரு பொருட்டன்று. தாங்கி காட்டும் பாவனைகளையே அது தன் உடல் என்று கொள்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு தாங்கியும் வெவ்வேறு பாவனை காட்டும். விஎம்வேரில் ஒருவகை வட்டுக் கட்டுப்படுத்தி, ஒருவகை வலையட்டை, கேவிஎம்மில் விர்ட்-ஐஓ எனப்படும் வேறுவகை, ஹைப்பர்-வியில் மற்றொன்று. வட்டுக் கோப்பின் வடிவமும் வேறு: ஒன்றில் விஎம்டிகே, ஒன்றில் விஹெச்டிஎக்ஸ், ஒன்றில் க்யூகவ்-2. கோப்பின் வடிவத்தை மாற்றுவது எளிது. அதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. புதிய வட்டுக் கட்டுப்படுத்திக்கு ஏற்ற இயக்கியை முன்கூட்டியே நிறுவாவிட்டால் விண்டோஸ் எழும்போதே நீலத்திரை காட்டி விழுந்துவிடும். அதுவும் தீர்க்கக்கூடிய நோயே.

தீர்க்க அரிதானது மற்றொன்று. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு, வாங்கியவர் தம் படியை நிறுவனத்திடம் பதிந்து செயற்படச் செய்துகொள்ளும் முறை பரவலாயிற்று. கணினியின் பத்து உறுப்புகளை, அதாவது வலையட்டையின் எண், செயலியின் வகை, வட்டின் தொடரெண், நினைவகத்தின் அளவு போன்றவற்றை, அது குறித்துவைத்துக்கொள்ளும். ஓரிரு உறுப்புகள் மாறினால் பொறுத்துக்கொள்ளும். பல ஒருசேர மாறினால் இது வேறு கணினி என முடிவுகட்டும். பிற்காலப் பதிப்புகளில் முறை செம்மையுற்றது, கொள்கை மாறவில்லை. தாங்கி மாறும்போது வலையட்டை, கட்டுப்படுத்தி, திரையட்டை, கணினியின் அடையாள எண் ஆகிய யாவும் ஒரே இரவில் மாறிவிடுகின்றன. உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. எனினும் இயங்குதளம் தன்னைத் தானே அந்நியமாகக் காண்கிறது.

மணிமேகலை காயசண்டிகையின் வடிவு கொண்டு திரிந்தபோது, அவள் கணவன் காஞ்சனன் வடிவைக் கண்டு தன் மனைவியென மயங்கினான். அம்மயக்கமே உதயகுமரன் சாவில் முடிந்தது. உடலைக் கண்டு உயிரை அடையாளம் காண்பவர் ஏமாறுவர் என்பதைச் சாத்தனார் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே காட்டிவிட்டார். உரிமச் சோதனை எழுதிய பொறியாளர் செய்வது காஞ்சனன் செய்த அதே பிழையின் மறுபுறம். அவன் வேறொருத்தியை இவள் என்றான். இது இவளையே வேறொருத்தி என்கிறது.

*

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். இதன் பின்னால் இருப்பது ஒப்பந்தம். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது என்பதே நாங்கள் கற்ற முதற்பாடம். கேவிஎம் போன்ற தாங்கியில் பழைய அடையாள எண்ணையும் வலையட்டை எண்ணையும் அப்படியே எழுதிவைத்துச் சில வேளைகளில் கதவைத் திறந்துவிடலாம். கதவு திறப்பது வேறு, உள்ளே இருக்க உரிமை இருப்பது வேறு.

விண்டோஸை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். புதுக் கணினியோடு சேர்ந்து மலிவாக வருகின்ற ஓ.இ.எம். உரிமம் அக்கணினியின் தாய்ப்பலகையோடு பிறந்து அதனோடே இறப்பது. அதை மெய்நிகர் கணினிக்குக் கொண்டுசெல்ல இயலாது. கடையில் தனியே வாங்கும் உரிமத்தை ஒரு கணினியிலிருந்து நீக்கி மற்றொன்றுக்கு மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் ஒரு தனிக் கணினியாகவே எண்ணப்படும். ஆப்பிளின் நிலையோ இன்னும் கடுமை: மேக் இயங்குதளத்தை ஆப்பிள் செய்த கணினியின் மேல் மட்டுமே மெய்நிகராக இயக்க உரிமம் இடங்கொடுக்கிறது.

சேவையகப் பதிப்பின் கணக்கு நம் பழைய நிலவரிக் கணக்குக்கு நிகரானது. 2016 பதிப்பு முதல் விண்டோஸ் சர்வர் உரிமம், தாங்கி இருக்கும் பருப்பொருள் கணினியின் கோர்களைக் கொண்டு கணிக்கப்படுகிறது. கணினியில் எத்தனை குறைவாக இருப்பினும் குறைந்தது 16 கோர்களுக்குப் பணம் கட்டவேண்டும். எல்லாக் கோர்களுக்கும் கட்டினால் ஸ்டாண்டர்டு வகையில் இரண்டு மெய்நிகர் கணினிகள். டேட்டாசென்டர் வகையில் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஆகவே புதிய தாங்கியை இலவசமாகவே பெற்றாலும், அது ஏறியிருக்கும் புதிய கணினிக்குக் கோர்கள் மிகுதியென்றால் இயங்குதளக் கட்டணம் ஏறிவிடும். மேலும், தொகுதி உரிமத்தின் பொதுவிதிப்படி ஓர் உரிமத்தை ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால், பின்னர் 90 நாள்களுக்கு மீண்டும் மாற்றலாகாது. வன்பொருள் நிரந்தரமாகப் பழுதுற்றால் மட்டும் விலக்குண்டு. இடம்பெயர்ப்புப் பணி மாதக்கணக்கில் நீளும். அதுவரை பழைய கணினியும் புதிய கணினியும் ஒருசேர இயங்கவேண்டும். குடிபெயரும் குடும்பம் இரண்டு வீட்டுக்கும் வாடகை கட்டுவதைப்போல, இரண்டுக்கும் உரிமம் இருந்தாகவேண்டும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. 2012 ஆர்-2 பதிப்பு முதல், டேட்டாசென்டர் வகை விண்டோஸும் ஹைப்பர்-வியும் இயங்கும் சேவையகம் தன் மேலிருக்கும் மெய்நிகர் சேவையகங்களுக்குத் தானே சான்று கூறிச் செயற்படச் செய்யும். ஊர்த் தலைவர் தெரிந்தவர் என்பதால் கேள்வியின்றிக் குடியிருப்பதைப் போன்றது இது. ஆனால் அந்த மெய்நிகர் கணினியை வேறொரு தாங்கிக்குப் பெயர்த்தால் சான்று கூற அங்கே எவருமில்லை. ஆண்டுக்கணக்கில் உரிமம் என்ற சொல்லையே கேளாதிருந்த நிர்வாகி அன்றுதான் திகைத்துப்போவார்.

லினக்ஸ் வகையினவற்றுள் டெபியன் போன்றவையும் தாங்கி மாறும்போது தடுமாறும். வலையட்டையின் பெயர் மாறிப் பிணையத்தை இழக்கும். அது வழி தெரியாத தடுமாற்றம். வழி காட்டினால் நடக்கும். அனுமதிச் சீட்டு கேட்காது.

*

இச்சிக்கல் சென்ற சில ஆண்டுகளில் உலகெங்கும் பேசுபொருளானதற்குக் காரணம் உண்டு. 2022 மே திங்களில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கவிருப்பதாக அறிவித்தது. 2023 நவம்பரில் வாங்கி முடித்தது. மறுமாதமே, ஒருமுறை பணம் கட்டி என்றும் வைத்துக்கொள்ளும் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. கட்டணம் பன்மடங்காயிற்று என வாடிக்கையாளர் பலர் முறையிட்டனர். அமெரிக்காவின் ஏடி அண்டு டி நிறுவனமே 2024-இல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்துப் பின்னர் சமரசம் கண்டது. எளியோர் என்ன செய்வர்? ஹைப்பர்-வி, நுட்டானிக்ஸ், வியன்னாவிலிருந்து வரும் பிராக்ஸ்மாக்ஸ் என வேறு தாங்கிகளைத் தேடி நகர்ந்தனர். நகர்ந்த பிறகுதான், தாங்கியின் பிடியிலிருந்து விடுபட்டாலும் உள்ளிருக்கும் இயங்குதளத்தின் பிடி அப்படியே இருப்பதை உணர்ந்தனர். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை.

விற்போர் தரப்பிலும் நியாயம் உண்டு. அதை மறைப்பது முறையன்று. மெய்நிகர் கணினி ஒரு கோப்பு. கோப்பை நகலெடுக்க ஒரு நொடி போதும். ஒருவர் வாங்கியதை ஊரே பயன்படுத்தினால் படைத்தவர் பிழைப்பது எங்ஙனம்? திருட்டுப் பதிப்பால் தமிழ் எழுத்தாளரும் பதிப்பாளரும் படும் பாட்டை அறிந்த நாம் இதை எளிதில் ஒதுக்கலாகாது.

ஆனால் பெயர்தல் வேறு, பெருகுதல் வேறு. கிளியின் உடலுக்குள் அருணகிரியார் புகுந்தபோது அருணகிரியார் இருவராகிவிடவில்லை. பழைய இடத்தில் அழித்துவிட்டுப் புதிய இடத்தில் இயக்குவது ஒரு படியை ஒரு படியாகவே வைத்திருப்பது. அதற்கும் இரண்டாம் முறை விலை கேட்பது திருட்டைத் தடுப்பதாகாது, வாங்கியவரைத் தண்டிப்பதாகும். இவ்வேறுபாட்டைச் சட்டம் காணவல்லது என்பதற்குச் சான்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 சூலை 3 அன்று யூஸ்டுசாஃப்ட் – ஆரக்கிள் வழக்கில், காலவரையற்ற உரிமத்தோடு விற்கப்பட்ட மென்பொருட்படியை வாங்கியவர் பிறருக்கு மறுவிற்பனை செய்யலாம் என்றது. விற்றபின் தம்மிடமுள்ள படியைப் பயன்படாதவாறு செய்துவிடவேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. பெயரலாம், பெருகலாகாது என்பதே அதன் சாரம்.

நம் நாட்டு நிலை விந்தையானது. 2004-இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் – ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருள் விற்பனை வரிக்குரிய பண்டமே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 மார்ச்சில் என்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில், அயல்நாட்டு மென்பொருளை வாங்கிப் பயன்படுத்துவோர் செலுத்தும் தொகை உரிமத்தொகை ஆகாது என்றது. வாங்குபவர் பெறுவது பதிப்புரிமையை அன்று, ஒரு படியையே என்பது அதன் காரணம். இவை வரி குறித்த தீர்ப்புகள்; இடம்பெயர்க்கும் உரிமை குறித்தவை அல்ல. எனினும் நமக்கு ஒரு வினா எழுகிறது. வரி கேட்கும்போது பண்டம். வாங்கியவர் தூக்கிச் செல்ல முனையும்போது மட்டும் வெறும் அனுமதியா? ஓர் ஆட்டுக்கல்லை வாங்கியவர் வீடு மாறும்போது ஆட்டுக்கல்லுக்கு இரண்டாம் விலை கொடுப்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோ, முறையாகப் படியை வைத்திருப்பவர் அது எந்நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ அந்நோக்கத்துக்குப் பயன்படுத்தவும், அழிவிலிருந்து காத்துக்கொள்ளவும் படியெடுப்பது குற்றமாகாது என்கிறது. இத்தகைய இடம்பெயர்ப்பைப் பெயர் சொல்லி அதில் சேர்ப்பதே நேரிய வழி என்பது எம் கருத்து.

*

இதில் தமிழுக்கு என்ன என்று கேட்கலாம். எல்லாமே தமிழுக்குத்தான்.

நம் இலக்கியம் பிழைத்தது உடல் மாறியதால். ஏடு செல்லரிக்கும்; எனவே தலைமுறைதோறும் புதிய ஏட்டில் படியெடுத்தார்கள். ஏட்டிலிருந்து தாளுக்கு வந்தது. 1887-இல் சீவக சிந்தாமணி உ.வே.சாமிநாதையர் கையால் அச்சுடல் பெற்றது. அச்சிலிருந்து கணினிக்கு வந்தது. 1998-இல் மதுரைத் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் சில இழந்தோம். ஆனால் பெயர்க்கக்கூடாது என்று ஏடு எவரையும் தடுத்ததில்லை. கூடு விட்டுக் கூடு பாய்வது சித்தர்க்கு வித்தை. நூல்களுக்கு அதுவே வாழும் நெறி. உடல் மாற அனுமதி மறுக்கும் ஊடகத்துக்குள் முதன்முறையாக நம் எழுத்தை வைத்திருக்கிறோம்.

1990-களிலும் 2000-களிலும் தமிழ் தட்டச்சு மென்பொருள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. 2010 சூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறியும் டேஸ்-16-உம் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முன் தட்டச்சானவை? அக்காலத்து இந்திய மொழி அச்சுக்கோப்பு மென்பொருள்கள் பலவும் கணினியின் பின்புறம் செருகும் பூட்டோடு வந்தன. அப்பூட்டைச் செருகும் துளையே இன்றைய கணினிகளில் இல்லை. மாவட்டம்தோறும் கல்லூரிகளிலும் பதிப்பகங்களிலும் பழைய வட்டுகளுக்குள் எத்தனை ஆய்வேடுகள், எத்தனை களப்பணிக் குறிப்புகள் இவ்வாறு அடைபட்டுக் கிடக்கின்றனவோ.

மாற்று வழியை நம் மாநிலம் அறியாததன்று. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்காட் நிறுவனம், அன்றைய மேலாண் இயக்குநர் சி. உமாசங்கரின் முயற்சியால், சூசே லினக்சுக்கு மாறியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இடம்பெற்றது. ஆனால் வகுப்பறையில் அதைத் திறந்து காட்டிய ஆசிரியர் எத்தனை பேர்? நாங்கள் காட்டவில்லை. தெரியாததைக் காட்ட அஞ்சினோம். இன்றைய இழப்பில் அந்த அச்சத்துக்கும் பங்குண்டு.

கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் நாம் சொல்லத் துணிவது சிலவே. அரசுப் பணத்தில் மென்பொருள் வாங்கும் ஒவ்வோர் ஒப்பந்தப் புள்ளியிலும், வன்பொருள் பழுதுற்றாலும் தாங்கி மாறினாலும் மறுவிலையின்றிப் பெயர்த்துக்கொள்ளும் உரிமை எழுத்தில் கேட்கப்படவேண்டும். தனியொரு கல்லூரி கேட்டால் நகைப்பர். மாநிலமே கேட்டால் கேட்பர். மெய்நிகர் கணினியைப் பெயர்க்கும் நாளுக்கு முன்னர், பழைய இடத்தில் அது உயிரோடு இருக்கும்போதே, உள்ளிருக்கும் உரிமம் எவ்வகையது எனப் பார்த்து எழுதிவைக்கவேண்டும். உள்ளிருப்பவற்றை வெளியே எடுத்துவிடவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொகுப்புகளை ஒருங்குறியில், எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய எழுத்துக் கோப்புகளாக வையுங்கள். பாடலையும் பாடியவர் பெயரையும் ஒரே கோப்பில் வையுங்கள். இது ஏன் என்பதை இனிச் சொல்கிறோம்.

*

பழைய மாணவர் மீண்டும் வந்தார். இயங்குதளத்தை எழுப்பாமலே வட்டுக் கோப்பை மட்டும் வேறொரு லினக்ஸ் கணினியில் இணைத்துத் திறந்தார். பாடற்கோப்புகள் கிடைத்தன. குறியேற்றம் மாற்றி ஒருங்குறியாக்கினார். சிற்சில எழுத்துகள் சிதைந்தாலும் படிக்க முடிந்தது. மகிழ்ந்தோம். ஆனால் அட்டவணை திறக்கவில்லை. அது அச்சிறு மென்பொருளுக்கு மட்டுமே விளங்கும் வடிவில் இருந்தது, அம்மென்பொருள் அவ்வியங்குதளத்துக்குள் மட்டுமே எழும், அவ்வியங்குதளமோ தாழிட்டுக்கொண்டது. பாடல்கள் எங்கள் கையில்; பாடியவர் பெயர்கள் உள்ளே. கோப்புகளுக்கு நாங்கள் இட்டவை வெறும் எண்கள்.

சொன்ன நாளில் அம்மையார் வந்தார். உண்மையைச் சொன்னோம். அவர் சினக்கவில்லை. "படிங்க ஐயா, கேட்டா தெரியும்" என்றார். துறை அறையில் அமர்ந்து நடவுப் பாடல்களை ஒவ்வொன்றாக முதலடி படித்தோம். பிற்பகல் ஆயிற்று. ஏதோவோர் எண்ணிட்ட கோப்பில் இரண்டாம் அடியை நாங்கள் படிக்குமுன் அவரே சொல்லி முடித்தார். அச்செடுத்துக் கொடுத்தோம். தலைப்பில் அவர் தாயாரின் பெயரை எழுதினோம்.

ஒரு பாடலுக்குப் பெயர் திரும்பியது. மற்றவற்றைக் கேட்டு அடையாளம் காண எந்த ஊரில் எந்த மகள் இருக்கிறார் என்று தேடிப் போகவேண்டும். வரும் விடுமுறையில் மாணவர்களோடு புறப்பட எண்ணியிருக்கிறோம். பாடியவர்களுள் பெரும்பாலோர் இப்போது இல்லை, கேட்டவர்களாவது இருக்கவேண்டும்.